க்வைட்னா "ரொம்ப"வா "ஓரளவு"வா? ஒரே ஆள் ரெண்டு மாதிரியும் எழுதுறாரே

புதுப்பேனா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வார்த்தைதான், ஆனா அதால இந்த வாரம் வேலையில பெரிய குழப்பம் ஆயிடுச்சு, அதான் இங்க கேட்டுடலாம்னு வந்தேன். வார்த்தை க்வைட். அமைதின்னு வர்ற க்வயட் இல்ல, "க்வைட் குட்"னு சொல்றாங்களே அந்த க்வைட்.

நடந்தது இதுதான். மூணு பகுதியா ஒரு ரிப்போர்ட் எழுதி மேனேஜருக்கு அனுப்பியிருந்தேன். அவர் பிரிட்டிஷ்காரர், நேர்ல பாத்ததே கிடையாது, எல்லாம் மெயிலும் காலும்தான். பதில்ல "தி ரிப்போர்ட் இஸ் க்வைட் குட்"னு ஒரு வரி, அதுக்குக் கீழ மூணாவது பகுதியைப் பத்தி ரெண்டு கேள்வி. க்வைட்னா ரொம்பன்னுதான் நான் படிச்சது, அதனால ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டார்னு சந்தோஷமா அந்த ரெண்டு கேள்விக்கும் மெயில்லயே பதில் போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கால்ல "திருத்தின வெர்ஷன் எப்ப வரும்"னு கேக்குறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. திருத்தச் சொன்னதே எனக்குத் தெரியல.

சரி, க்வைட்னா ஓரளவுதான் போலன்னு மனசை மாத்திக்கிட்டேன். அதே வாரம் வேற ஒரு விஷயத்துக்கு அவரே "இட் இஸ் க்வைட் இம்பாசிபிள் பை ஃப்ரைடே"ன்னு எழுதினார். ஓரளவு முடியாதுன்னா கொஞ்சமாவது முடியும்னுதானே அர்த்தம்? அப்படி நெனச்சு, பாதியாவது முடிச்சுடலாமான்னு கேட்டேன். "நோ"ன்னு ஒரே வார்த்தையில பதில்.

டிக்ஷனரியில பாத்தா முழுசான்னும் போட்டிருக்கு, ஓரளவுன்னும் போட்டிருக்கு. முழுசும் பாதியும் எப்படிங்க ஒரே வார்த்தைக்கு அர்த்தமா இருக்க முடியும்? எந்த இடத்துல எதுன்னு கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கா?

அரைக்கண் எழுதியது:

எனக்குத் தெரிஞ்சு ரொம்பன்னுதான் ப்ரோ அர்த்தம். நான் வேலை பாக்குற டீம்ல முக்கால்வாசிப் பேர் அமெரிக்கர்கள், அவங்க "க்வைட் குட்"னு போட்டா மனசாரப் பாராட்டுறாங்கன்னுதான் இத்தனை வருஷமா எடுத்துக்கிட்டு இருக்கேன், ஒரு தடவைகூட அது தப்பாப் போனதில்ல. உங்க மேனேஜர் ஒருவேளை அவசரத்துல எழுதியிருப்பாரு.

இலக்கணப்பித்து எழுதியது:

அரைக்கண் சொல்றதும் சரி, புதுப்பேனா அனுபவமும் சரி, ரெண்டும் எப்படிச் சரின்னு சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பல வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறவ நான், இந்த வார்த்தை வந்தா சுருக்கமா முடிக்க வராது.

மொதல்ல க்வைட்டைத் தனியாப் பாக்காதீங்க தம்பி, அதுக்கு அடுத்து என்ன வார்த்தை வருதுன்னு பாருங்க. குணத்தைச் சொல்ற சொற்கள்ல ரெண்டு வகை இருக்கு. ஒரு வகை ஏணி மாதிரி, ஏறலாம் இறங்கலாம். குட், கோல்ட், டயர்ட், எக்ஸ்பென்சிவ், டிஃபிகல்ட் எல்லாம் இந்த வகை. கொஞ்சம் குளிர், நல்ல குளிர், கடுங்குளிர்னு படி படியாச் சொல்ல முடியுது பாருங்க. இந்த வகைக்கு முன்னாடி க்வைட் வந்தா, பிரிட்டிஷ் வழக்குல, ஏணியோட நடுப்படிக்குக் கொஞ்சம் மேல நிக்குதுன்னு அர்த்தம். மோசம் இல்ல, உச்சமும் இல்ல. உங்க ரிப்போர்ட் நின்னது அந்தப் படியிலதான்.

இன்னொரு வகைக்குப் படியே கிடையாது. ஒண்ணு இருக்கும், இல்லன்னா இருக்காது. இம்பாசிபிள், ராங், டெட், பர்ஃபெக்ட் இதெல்லாம். முடியாதுன்னா முடியாதுதான், அதுல பாதி ஏது? ஏணியோட உச்சிப்படியிலயே பொறந்த சொற்களும் இந்தக் கூட்டந்தான், ப்ரில்லியன்ட், எக்ஸ்ட்ராடினரி மாதிரி. இதுங்களுக்கு முன்னாடி க்வைட் வந்தா அதுக்கு அளக்குற வேலையே இல்ல, முத்திரை குத்துற வேலைதான். முழுக்க, சுத்தமா, அறவேன்னு அர்த்தம். "க்வைட் இம்பாசிபிள்"னா சுத்தமா முடியாது. "க்வைட் ராங்"னா முழுக்கத் தப்பு. உங்களுக்கு ஏன் ஒரே வார்த்தையில "நோ"ன்னு வந்துச்சுன்னு இப்பப் புரியும், அவர் ஏற்கனவே கதவைச் சாத்திட்டார், நீங்க திறந்திருக்குன்னு நெனச்சு உள்ள வந்துட்டீங்க.

எது எந்த வகைன்னு தெரியலன்னா முன்னாடி வெரி போட்டுப் பாருங்க. வெரி குட், வெரி கோல்ட் எல்லாம் காதுக்கு ஒட்டுது. வெரி இம்பாசிபிள், வெரி டெட் ஒட்டல. ஒட்டினா க்வைட்டுக்கு ஓரளவு, ஒட்டலன்னா முழுக்க. என் மாணவர்களுக்கு முதல்ல இந்த ஒரு சோதனையைத்தான் குடுப்பேன், பத்துக்கு எட்டு இடத்துல காப்பாத்திடும்.

மீதி ரெண்டு இடம் இருக்கே, அதைச் சொல்லாம விட்டா நான் ஏமாத்தினதா ஆயிடும். வெரி டிஃபரன்ட்னு சொல்றோம், ஒட்டுது, ஆனா "க்வைட் டிஃபரன்ட்"னா பெரும்பாலும் முழுக்க வேறன்னுதான் அர்த்தம். "க்வைட் ஷ்யூர்" அப்படித்தான், சந்தேகமே இல்லன்னு. ஹேப்பி இன்னும் வினோதம். "ஹி சீம்ஸ் க்வைட் ஹேப்பி"ன்னா ஆள் ஓரளவு சந்தோஷமாத்தான் தெரியுறார். "ஐ'ம் க்வைட் ஹேப்பி டு வெயிட்"னா காத்திருக்க எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, முழு சம்மதம். ஒரே ஆள் வாயில ஒரே வார்த்தை, மனநிலையைச் சொல்லும்போது பாதி, சம்மதத்தைச் சொல்லும்போது முழுசு. இந்த மாதிரி சொற்களை வாக்கியத்தோடதான் மனசுல ஏத்திக்கணும்.

வினைச்சொல்லோட வந்தாலும் இதே கதைதான். "ஐ க்வைட் லைக் இட்"னா பிடிச்சிருக்கு, ஆனா உருகிடல. "ஐ க்வைட் அக்ரீ"ன்னா முழுசா ஒத்துக்குறேன். "ஐ க்வைட் அண்டர்ஸ்டாண்ட்"னா நல்லாவே புரியுது. பிடிக்கிறதுக்கு அளவு உண்டு, ஒத்துக்குறதை அவங்க ஆமா இல்லன்னு ரெண்டாத்தான் பாக்குறாங்க.

அரைக்கண் தம்பிக்கு: அமெரிக்க வழக்குல அந்தப் பாதி அர்த்தம் அவ்வளவா புழங்குறதில்ல. குட் மாதிரி ஏணிச் சொல்லுக்கு முன்னாடி வந்தாலும் அவங்களுக்கு அது வெரிக்குப் பக்கத்துலதான் இருக்கும். பாதின்னு சொல்லணும்னா ப்ரிட்டின்னோ ஃபேர்லின்னோ போட்டுக்குவாங்க. அதனால உங்க டீம்ல கிடைச்ச க்வைட் குட் எல்லாம் உண்மையான பாராட்டுதான். அதே மெயில் ஒரு பிரிட்டிஷ்காரர்கிட்டேர்ந்து வந்திருந்தா நான் இன்னொரு தடவை படிப்பேன்.

அரைக்கண் எழுதியது:

இது எனக்குப் புதுசு அக்கா, நன்றி. இப்ப வேற ஒரு பயம் வந்துடுச்சு, போன மாசம் ஒரு பிரிட்டிஷ் க்ளையன்ட் வேலையைப் பாராட்டுறதா நெனச்சு அவங்களுக்கு நான் "யுவர் டிசைன் இஸ் க்வைட் குட்"னு எழுதியிருக்கேன். அவங்க என்ன நெனச்சிருப்பாங்க?

இலக்கணப்பித்து எழுதியது:

ஏதோ குறை இருக்கு, சொல்லத் தயங்குறாங்கன்னு நெனச்சிருக்க வாய்ப்பு இருக்கு. அடுத்த மெயில்ல எது பிடிச்சுதுன்னு குறிப்பா ஒரு வரி எழுதிடுங்க, போதும். எழுத்துல மனசாரப் பாராட்டணும்னா க்வைட் பக்கமே போகாதீங்க, வெரி, ரியலி ரெண்டும் எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும்.

கடல்தாண்டி எழுதியது:

அக்கா சொன்ன இலக்கணம் அத்தனையும் சரி. நான் பதினோரு வருஷம் பிரிட்டன்ல இருந்தவன், அங்க போய்க் காதால கத்துக்கிட்ட ஒரு விஷயத்தைச் சேத்துக்குறேன், ஏன்னா இது எழுத்துல தெரியவே தெரியாது.

"க்வைட் குட்"டையே அவங்க ரெண்டு விதமாச் சொல்லுவாங்க. க்வைட்ல அழுத்தி, குரலை அங்கயே கொஞ்சம் இழுத்து, குட்டைச் சும்மா விட்டா, பின்னால ஒரு "ஆனா" வருதுன்னு அர்த்தம். அந்த "ஆனா"வை வாயால சொல்லவே மாட்டாங்க, சொல்லாமலே பக்கத்துல இருக்குறவனுக்குப் புரிஞ்சிடும். மாறா, க்வைட்டைச் சாதாரணமா விட்டுட்டு குட்ல அழுத்தினா, எதிர்பார்த்ததைவிட நல்லா இருக்கேன்னு ஒரு மகிழ்ச்சி. ஒரே ரெண்டு வார்த்தை, அழுத்தம் இடம் மாறினா தீர்ப்பே மாறிடுது.

வந்த புதுசுல எனக்கு இது பிடிபடவே இல்ல. எழுதிக் குடுத்ததைப் பத்திக் கேட்டா "இட்ஸ் க்வைட் குட்"ம்பாங்க, நானும் தேங்க்யூ சொல்லிட்டு வந்துடுவேன், அப்புறம் அந்த வேலை வேற யார்கிட்டயோ போயிருக்கும். இப்படி ஒண்ணு ரெண்டு தடவை இல்ல, பல தடவை நடந்தது. ரொம்ப வலிச்சது, ஏன்னா யாராவது நேரா சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரியே உக்காந்து சரி பண்ணியிருப்பேன். அவங்களைக் கேட்டா "நாங்க சொன்னோமே"ம்பாங்க. அவங்க கணக்குல சொல்லித்தான் இருந்தாங்க.

அப்புறம் ஒரு நாள் அம்மாகூட ஃபோன்ல பேசிக்கிட்டு இருந்தப்ப, ஒரு ஃபோட்டோ அனுப்பி எப்படி இருக்குன்னு கேட்டேன். அம்மா "ம்ம், நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. நான் உடனே "ஏன், என்ன குறை?"ன்னு கேட்டேன். கேட்ட அப்புறம்தான் மண்டையில பட்டுச்சு. அம்மா குறைன்னு ஒரு வார்த்தைகூட சொல்லல, நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க, அந்தத் "தான்" ஒண்ணை வெச்சே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இதையேதான் அவங்களும் இத்தனை நாளா என்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க, எனக்குத்தான் காது இல்லாம இருந்திருக்கு!

யோசிச்சுப் பாருங்க, "நல்லாத்தான் இருக்கு"ன்னு இழுத்தா ஒரு "ஆனா" தொங்குது. "நல்லாவே இருக்கு"ன்னா எதிர்பார்க்கல, பரவாயில்லையே, நல்லா இருக்கேன்னு ஒரு வியப்பு. அவங்க அழுத்தத்தை மாத்தி வெச்சுச் செய்யுறதை நாம தான், ஏ ரெண்டையும் வெச்சுச் செய்யுறோம். க்வைட்ல அழுத்தினா "நல்லாத்தான்", குட்ல அழுத்தினா "நல்லாவே". இந்தக் கணக்கு வந்த அப்புறம் நான் ஒரு தடவைகூட ஏமாறல.

அந்தத் "தான்"கூட எப்பவும் குறை சொல்லாது, அதையும் சொல்லிடணும். "நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்துற?"ன்னு கேக்கும்போது அது முழுப் பாராட்டு. அதனால வார்த்தையை மட்டும் புடிச்சுக்கிட்டுத் தொங்காம குரலையும் கேளுங்க. மெயில்ல குரல் இல்லையே, என்ன பண்றதுன்னா, க்வைட் குட் வந்த வரிக்கு அடுத்த வரியைப் படிங்க. அங்க கேள்வியோ பட்டோ ஹவ்எவரோ இருந்தா, அது "நல்லாத்தான்". புதுப்பேனா, உங்க மேனேஜர் கீழ கேட்ட அந்த ரெண்டு கேள்விதான் அவரோட "ஆனா".

புதுப்பேனா எழுதியது:

கடல்தாண்டி அண்ணா, இதைப் படிச்சு ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். நல்லாத்தான், நல்லாவே. இதைவிடத் தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல. அவர் கேட்ட ரெண்டு கேள்வியும் கேள்வியே இல்ல, திருத்தச் சொன்ன இடம்னு இப்பத்தான் தெரியுது.

இன்னும் ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். ஒண்ணு, "க்வைட் எ ஃப்யூ". ஃப்யூன்னா கொஞ்சம், க்வைட்டும் ஓரளவுன்னா, ஓரளவு கொஞ்சம் பேர்னு வருமா? இன்னொண்ணு "நாட் க்வைட்". நாட் வந்தா எது மறுக்கப்படுது, முழுசா ஓரளவா?

இலக்கணப்பித்து எழுதியது:

ரெண்டுமே நல்ல கேள்வி.

"க்வைட் எ ஃப்யூ"ன்னா கொஞ்சம் இல்ல, கணிசமான பேர். நம்ம ஊர்ப் பேச்சுல "கொஞ்ச நஞ்சப் பேர் இல்ல"ன்னு சொல்றோமே, கொஞ்சம்ங்குற சொல்லை வெச்சே நிறையன்னு சொல்றது, அதே ரகம். "க்வைட் எ பிட்", "க்வைட் எ லாட்", "க்வைட் எ வைல்", "க்வைட் சம் டைம்" எல்லாமே நிறைய பக்கம்தான். மேனேஜர் "தேர் ஆர் க்வைட் எ ஃப்யூ எரர்ஸ்"னு எழுதினா ரெண்டு மூணு பிழைன்னு நெனச்சு உக்காராதீங்க, நிறையவே இருக்கு. அந்த எ போயிடக் கூடாது, கவனம். வெறும் ஃப்யூன்னா கிட்டத்தட்ட யாருமே இல்ல, எ ஃப்யூன்னா சில பேர், க்வைட் எ ஃப்யூன்னா பல பேர். ஒரு எழுத்து, ஒரு சொல், அதுக்குள்ள எண்ணிக்கை எங்கேர்ந்து எங்க போகுது பாருங்க.

க்வைட் எ போட்டு குணச்சொல் எதுவும் இல்லாம நேரா பெயர்ச்சொல் வந்தா அது தனிக் கணக்கு. "தட் வாஸ் க்வைட் எ மேட்ச்"னா லேசுப்பட்ட ஆட்டம் இல்ல அதுன்னு. நல்லதா கெட்டதான்னு அது சொல்லாது, சாதாரணமானது இல்லன்னு மட்டும் சொல்லும்.

"நாட் க்வைட்" வந்தா மறுக்கப்படுறது எப்பவும் முழுசுதான். இங்க ஓரளவுக்கு இடமே இல்ல. "நாட் க்வைட் ரெடி"ன்னா முழுசாத் தயாராகல, ஆனா கிட்ட வந்தாச்சு. அதனாலதான் "நாட் க்வைட் குட்"னு யாரும் சொல்றதில்ல, "நாட் வெரி குட்"னுதான் சொல்லுவாங்க. குட்டுக்கு எனஃப் சேத்தா சரியாயிடும், "நாட் க்வைட் குட் எனஃப்", ஏன்னா போதும்ங்குறதுக்கு ஒரு கோடு இருக்கு, அந்தக் கோட்டைக் கொஞ்சத்துல தொடல. மரியாதைக்கும் இதை ரொம்பப் பயன்படுத்துவாங்க. "ஐ'ம் நாட் க்வைட் ஷ்யூர்"னா பல நேரம் எனக்குத் தெரியலங்குறதோட மெல்லிய வடிவம். "ஐ டோன்ட் க்வைட் அண்டர்ஸ்டாண்ட்"னா புரியல, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு. இங்க க்வைட் நிக்க வேண்டிய இடம் டோன்ட்டுக்கு அப்புறம். "ஐ க்வைட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்"னு மாத்தி எழுதுறதை நம்ம ஆளுங்க மெயில்ல நிறைய பாக்குறேன், மாத்திக்குங்க.

இடத்தைப் பத்திப் பேச்சு வந்ததால இன்னும் ரெண்டு பிழை. "எ வெரி குட் புக்"னு எ முன்னாடி வரும், ஆனா க்வைட்னா "க்வைட் எ குட் புக்". "எ க்வைட் குட் புக்" காதுல உறுத்தும். அப்புறம் "க்வைட் பெட்டர்", "க்வைட் பிக்கர்"னு ஒப்பிடுற சொல்லோட நேரா ஒட்டக் கூடாது. நடுவுல பிட் ஒண்ணைப் போட்டு "க்வைட் எ பிட் பிக்கர்"னு எழுதுங்க, இல்லன்னா மச் பிக்கர். க்வைட் பெட்டர்னு ஒரே ஒரு இடத்துல வரும், உடம்பு சரியில்லாம இருந்து முழுசாக் குணமாயிட்டா.

எதிர்ச்சொல்லோட வந்தா சந்தேகமே வேண்டாம், "க்வைட் தி ஆப்போசிட்"னா நேர் எதிர்.

மௌனப்பறவை எழுதியது:

"க்வைட்"னு தனியா ஒரே வார்த்தையில பதில் வருதே, அது என்ன? பழைய பிரிட்டிஷ் சீரியல்கள்ல பாத்திருக்கேன், ஒருத்தர் நீளமாப் பேசுவார், இன்னொருத்தர் "க்வைட்"னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திடுவார்.

கடல்தாண்டி எழுதியது:

அதுக்கு "சரியாச் சொன்னீங்க"ன்னு அர்த்தம். "க்வைட் ஸோ"ன்னும் சொல்லுவாங்க. கொஞ்சம் வயசானவங்க, கொஞ்சம் முறையாப் பேசுறவங்க வாயில இப்பவும் வரும். இங்க பாதிங்குற அர்த்தம் துளியும் கிடையாது. அதே மாதிரி "தட்ஸ் க்வைட் எனஃப்"னு கேட்டா உடனே நிறுத்திடுங்க, போதும்னு கோவமாச் சொல்றாங்க. குழந்தைகளை அதட்டும்போது அடிக்கடி கேப்பேன்.

சொல்வேட்டை எழுதியது:

எல்லாரும் எப்படிப் பயன்படுத்தணும்னு சொல்லிட்டீங்க, புதுப்பேனா மொதல்ல கேட்டது வேற ஒண்ணும் இருக்கு, முழுசும் பாதியும் எப்படி ஒரே வார்த்தைக்குள்ள வந்துச்சுன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி அதுதான், அதனால உள்ள வந்துட்டேன்.

மூத்த அர்த்தம் முழுசு. 14ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்லயே இந்தச் சொல் முழுக்க, அடியோடங்குற பொருள்ல இருக்கு. பாதி அர்த்தம் ரொம்பப் பின்னால வந்தது. வேர் எதுன்னு பாத்தா, க்விட், க்வைட், க்வயட் மூணும் ஒரே குடும்பம். லத்தீன்ல க்வியேட்டுஸ்னா ஓய்ந்தது, அமைதியானதுன்னு பொருள். அது பழைய பிரெஞ்சு வழியா வரும்போது விடுபட்ட, பாக்கி இல்லாதன்னு ஒரு பொருள் சேந்துச்சு. கடன் தீந்தவனுக்கு அந்தச் சொல். இன்னைக்கும் "வி ஆர் க்விட்ஸ்"னா உனக்கும் எனக்கும் கணக்குத் தீந்துச்சுன்னுதானே அர்த்தம்? கோர்ட்ல குற்றத்துலேர்ந்து விடுவிக்கிறதைச் சொல்ற அக்விட்டும் இதே வீட்டுப் பிள்ளைதான். கணக்குத் தீந்துச்சு, மிச்சம் எதுவும் இல்லங்குறதுலேர்ந்துதான் முழுக்கங்குற க்வைட் பொறந்துச்சு.

இப்ப நம்ம தமிழைப் பாருங்க. "தீர விசாரி"ங்குறோம். அந்தத் தீரன்னா என்ன? முழுசா, மிச்சம் இல்லாம. எங்கேர்ந்து வந்துச்சு? தீர்ங்குற வினையிலேர்ந்து, கடன் தீர்ந்தது, நோய் தீர்ந்ததுன்னு சொல்றோமே அதுலேர்ந்து. கடன் தீர்றதுலேர்ந்து முழுக்கங்குற பொருள் வந்த அதே பாதை! ரெண்டு மொழிக்கும் எந்த உறவும் இல்ல, ஆனா மனுஷ மனசு ஒரே வழியில நடந்திருக்கு. இதை மொத மொதல்ல கவனிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அறவேயும் அப்படித்தான், அறுந்துபோறதுலேர்ந்து வந்தது. முற்றிலும், முற்றுங்குறதுலேர்ந்து. முழுசுங்குறதைச் சொல்லணும்னா முடிவைக் காட்டணும்னு மொழிக்கே தெரிஞ்சிருக்கு.

சரி, முழுசு எப்படிப் பாதி ஆச்சு? இந்த மாதிரி அளவுச் சொற்கள் எல்லாம் கைமாறிக் கைமாறி நோட்டு நைஞ்சு போற மாதிரி தேஞ்சுடும். ஆளாளுக்கு எதுக்கெடுத்தாலும் முழுக்க, முழுக்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, கேக்குறவன் அதை முழுசா நம்புறதை விட்டுடுவான். நம்ம ரொம்பவை எடுத்துக்குங்க, அது நிரம்பங்குறதுலேர்ந்து வந்தது. நிரம்பன்னா விளிம்பு வரைக்கும் வழிய வழிய. இன்னைக்கு "ரொம்பத் தேங்க்ஸ்"னு சொல்லும்போது யாராவது நிரம்பி வழியுறதை நெனைக்கிறோமா? ரொம்ப போதாம, ரொம்ப ரொம்பன்னு ரெட்டிக்கிறோம், அதுவும் போதாம செம, பயங்கரம்னு போறோம். பயங்கரமா நல்லா இருக்குன்னு சொல்றோமே, அதுல பயம் எங்க இருக்கு? இங்கிலீஷ் வெரியும் உண்மைங்குற பொருள் உள்ள பிரெஞ்சுச் சொல்லுலேர்ந்து வந்ததுதான். "நெசமாவே நல்லா இருக்கு"ன்னு சொன்னது நெசம் தேஞ்சு வெறும் ரொம்பவா மாறிடுச்சு.

க்வைட் கதையில விசேஷம் என்னன்னா, அது ஏணிச் சொற்களோட சேந்த இடத்துல மட்டும் தேஞ்சுச்சு. படியே இல்லாத சொற்களோட நின்ன இடத்துல தேயறதுக்கு வழி இல்ல, ஏன்னா ஓரளவு செத்துட்டான்னு யாரும் சொல்ல முடியாதே. அதனால அங்கெல்லாம் பழைய அர்த்தம் அப்படியே பத்திரமா நின்னுடுச்சு. நாட் க்வைட், க்வைட் ஸோ எல்லாம் பழைய வீட்டோட தூண்கள். அமெரிக்காக்காரங்க வழக்குல தேய்மானம் ரொம்பவோட நின்னுடுச்சு, பிரிட்டன்ல இன்னும் ஒரு படி இறங்கி ஓரளவு வரைக்கும் வந்துச்சு. இலக்கணப்பித்து அக்கா சொன்ன வெரி சோதனை ஏன் வேலை செய்யுதுன்னா இதுதான் காரணம்.

இலக்கணப்பித்து எழுதியது:

தீர, க்விட் பொருத்தம் எனக்கு இத்தனை வருஷத்துல தோணவே இல்ல. நாளைக்கே வகுப்புல சொல்லப் போறேன். பழைய தமிழ்ல மிகுதியைக் காட்ட உறு, தவ, நனின்னு மூணு சொல் இருந்ததைத் தொல்காப்பியம் சொல்லுது, இன்னைக்குப் பேச்சுல அந்த மூணுல ஒண்ணுகூட மிச்சம் இல்ல. நீங்க சொன்ன தேய்மானத்துல தேஞ்சு தேஞ்சு காணாமலே போனது அதுங்கதான் போல. நனிநன்றுன்னு அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கு.

மௌனப்பறவை எழுதியது:

ஒரு சின்ன வேண்டுகோள், எழுதும்போது எழுத்துக் கூட்டலைப் பாத்துக்குங்க எல்லாரும். அமைதிங்குற க்வயட்ல இ எழுத்து டிக்கு முன்னாடி, நாம பேசுற க்வைட்ல இ கடைசியில. உச்சரிப்பும் வேற, க்வயட் ரெண்டு அசை, க்வைட் ஒரே அசை. ஸ்பெல் செக் இதைப் பிடிக்காது, ஏன்னா ரெண்டுமே சரியான சொல். என் அப்ளிகேஷன் ஒண்ணுல "ஐ ஆம் க்வயட் கான்ஃபிடன்ட்"னு போயிடுச்சு, அனுப்பின அப்புறம் பாத்து மனசு உடைஞ்சுபோச்சு.

புதுப்பேனா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் நோட்ல எழுதி வெச்சிருக்கேன்.

இன்னைக்குக் காலையில மேனேஜரைக் கால்ல புடிச்சேன். மூணாவது பகுதியை ரெண்டு நாளா உக்காந்து திருத்தி நேத்து அனுப்பியிருந்தேன், அதைப் பத்திக் கேட்டேன். "இட்ஸ் நாட் க்வைட் தேர் யெட்"னார். போன வாரமா இருந்தா என்ன அர்த்தம்னு தவிச்சுப் போயிருப்பேன். இப்ப, கிட்ட வந்தாச்சு, இன்னும் ஏதோ கொஞ்சம் பாக்கின்னு கேட்ட உடனே புரிஞ்சுது, "எது பாக்கி"ன்னு நேராவே கேட்டேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்தார், அப்புறம் ரெண்டாவது அட்டவணையில ஒரு வருஷத்துக்கான எண்கள் விட்டுப்போயிருக்கு, முடிவுரையில ஒரு பத்தி அதுக்கு ஏத்த மாதிரி மாறணும்னு வரிசையாச் சொன்னார். இத்தனை நாள்ல இவ்வளவு தெளிவா அவர் சொல்லிக் கேட்டதே இல்ல. எண்களைச் சேத்துட்டேன், பத்தியை எழுதிக்கிட்டு இருக்கேன், ராத்திரிக்குள்ள அனுப்பிடுவேன்.